வடக்குப் பாலம் சூடாகிறது

மதர்போர்ட் விற்பவன் பாடு, யாரும் பார்க்காத பொருளுக்குக் கூடுதல் விலை சொல்பவன் பாடு. கொம்பியூட்டர் வாங்க வருகிறவர்கள் திரையை உற்றுப் பார்ப்பார்கள், ஸ்பீக்கரைத் தட்டிப் பார்ப்பார்கள், மௌஸைக் கையில் பிடித்துக் குசலம் விசாரிப்பார்கள். எல்லாவற்றையும் தன்மேல் தாங்கிக்கொண்டு பெட்டிக்குள் கிடக்கும் அந்தப் பலகையைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், “அது எதுன்னாலும் பரவாயில்ல, கொறஞ்ச வெலையில ஒண்ணு போடுங்க” என்பார்கள். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மாட்டிக்கொள்ளாதவர்கள் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை எப்படியும் ஒருநாள் உங்களை மாட்டிவிடுவான்.

வடக்கில் போர் முடிவதற்கு முந்திய சில வருடங்கள் நான் மாத்தளை டவுனில் ஒரு கொம்பியூட்டர் கடையில் வேலை செய்தேன். கேம் விளையாடுவதற்கென்றே பார்த்துப் பார்த்து மெஷின் கட்டுகிற கூட்டம் அப்போதுதான் எங்கள் பக்கம் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. அவர்களுக்கு இரண்டு மூன்று போர்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது நல்லது என்று சொல்வது என் பொறுப்பு.

என் வீடு இரத்தோட்டைக்கு மேலே, தோட்டத்தில். கடைசி பஸ், கடை சாத்துவதற்கு முன்பே போய்விடும். ஆகவே டவுனில் ஒரு போர்டிங் வேண்டும். அந்த நாட்களில் தமிழ்ப் பெயரோடு வாடகைக்கு ரூம் தேடி அலைந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். வாசலில் நிற்கும்போது ரூம் இருக்கும், பெயரைச் சொன்னதும் அது நேற்றே யாருக்கோ போயிருக்கும். கடைசியில் சோமா அன்டி என்ற சிங்கள மனுஷி இரக்கப்பட்டுத் தன் வீட்டுப் பின்னறையைத் தந்தார். ஒரே ஒரு நிபந்தனை. வீட்டில் தங்குகிற ஒவ்வொருவரையும் பொலிஸில் பதிய வேண்டிய காலம் என்பதால், என்னைத் தவிர வேறு ஒரு போர்டர் அந்த ரூமில் தங்கக்கூடாது. ரூம் போனால் வேலை போகும். வேலை போனால் தோட்டத்துக்குத் திரும்பி மிளகு பறிக்க ஏணி தூக்க வேண்டியதுதான். அதனால் அன்டி வீட்டில் நான் இருமுவதைக்கூட அளவாகத்தான் இருமினேன்.

காலி அறைகள்

கலேவெலயில் வெங்காய மொத்த வியாபாரம் செய்கிற முஸ்லிம் நாநா ஒருவர் மகனுக்கு மெஷின் கட்ட வந்தார். இரண்டு போர்டுகளை மேசையில் வைத்தேன். அவர் கண்ணால் பார்க்கவில்லை. ஒன்றை இடது கையிலும் ஒன்றை வலது கையிலும் தூக்கி, கண்ணை மூடி எடை பார்த்தார். கனமானதுக்குத்தான் விலை கூட என்று தெரிந்ததும் முகம் தெளிந்தது. அதில் செம்புத் தகடு வைத்திருக்கிறார்கள், சூட்டை இழுக்கும் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு மெமரி செருகுகிற இடங்களை எண்ணினார். நான்கு இருந்தன. இப்போதைக்கு ஒன்றில் போட்டால் போதும், மற்றவற்றில் பிறகு போடலாம் என்றேன். வியாபாரி மூளை அங்கே விழித்துக்கொண்டது. போர்டைத் திருப்பி என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்: “மிச்சம் மூணும் சும்மாதானே கெடக்கப்போவுது தம்பி? காலியாக் கெடக்கிற கடைக்கும் நான் ஏன் வாடக கட்டோணும்?”

சிவப்புதான் வேண்டும்

சீகிரியாவில் சுற்றுலாக்காரர்களை ஏற்றி இறக்குகிற ஆட்டோக்காரர் ஒருவர் வந்தார். அவருக்கு வேகமும் வேண்டாம், மெமரியும் வேண்டாம். போர்ட் சிவப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவருடைய ஆட்டோ சிவப்பு. பெட்டியின் பக்கவாட்டில் கண்ணாடி வைத்து உள்ளே நீல விளக்கும் போடச் சொன்னார். கடையில் இருந்த சிவப்பு போர்ட் சுமாரானது, பச்சை போர்ட்தான் நல்லது என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன். அவர் என்மேல் பரிதாபப்பட்டு, தம்பி என்று சிங்களத்தில் கூப்பிட்டுத் தோளைத் தட்டினார். “மல்லி, நல்ல என்ஜின் இருக்குன்னு எவனும் என் ஆட்டோவுல ஏறல. வெளிச்சத்தப் பாத்துத்தான் ஏறுறான்.”

பிள்ளையின் படிப்பு

இனி நம் கதாநாயகருக்கு வருவோம். அவர் ஒரு பல் டொக்டர். யாழ்ப்பாணத்துக்காரர், மாற்றலாகி மாத்தளைக்கு வந்திருந்தார். பிள்ளையின் படிப்புக்கு ஒரு மெஷின் வேண்டும் என்றார். பிள்ளையின் படிப்புக்கு என்று கேட்கிறவர்கள் மெதுவாகப் பேசுவார்கள். இவர் போர்டின் பெயர், இலக்கம், அதை எவ்வளவுக்கு முடுக்கிவிடலாம் என்பதுவரை ஒப்பித்தார். சட்டைப் பையிலிருந்து பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்து, போர்டில் இருக்கும் நுண்ணிய ஊசிகளில் ஒன்றாவது வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். போர்டை வாய் கொப்பளிக்கச் சொல்லாததுதான் குறை.

அவருக்கு இருந்த பெரிய கவலை நோர்த் பிரிட்ஜ். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் காலத்து போர்டுகளில் இரண்டு சில்லுகள் இருக்கும். மேலே இருப்பது நோர்த் பிரிட்ஜ், கீழே இருப்பது சவுத் பிரிட்ஜ். மூளைக்கும் மெமரிக்கும் படம் காட்டுகிற கார்டுக்கும் இடையில் போகிறது வருகிறது எல்லாம் நோர்த் பிரிட்ஜ் வழியாகத்தான். அதனால் அது சூடாகும். எந்த போர்டில் அது குறைவாகச் சூடாகிறதோ அதுதான் நல்ல போர்ட் என்பது டொக்டரின் கட்சி. என் கட்சியும் அதுதான். மூன்று போர்டுகளை வரவழைத்து ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கூட வந்திருந்த அவர் மனைவி, அதுவரை வாயே திறக்காதவர், இடுப்பில் இருந்த குழந்தையை என் மேசைமேல் உட்கார வைத்தார். “பிள்ளை இதுதான் தம்பி. இன்னும் ‘அ’ எண்டே ஒழுங்காச் சொல்லாது. இதுக்குச் சூடாகாத போர்டில என்ன படிப்பு எண்டு நீங்களே கேட்டுச் சொல்லுங்கோ.”

‘எனவா’ செய்த வேலை

கொழும்பில் எங்களுக்குச் சாமான் தருகிறவர் மூன்று போர்டுகளைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம் என்று ஒத்துக்கொண்டார். எங்கள் முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. யாரோ விளையாடுவதற்குக் கடை கரண்ட் எரிய வேண்டுமா என்று கத்தினார். சரி, ரூமில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அன்டி வீட்டில் கைத்தொலைபேசிக்கு சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் குசினி ஜன்னலடி. அங்கே நின்று டொக்டரோடு பேசினேன். பேசியதை அப்படியே தருகிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

“டொக்டர், மூணு போர்டும் நாளைக்குக் கொழும்புலேர்ந்து வருது. கடையில வேணாம், நம்ம ரூம்லயே வச்சுக்கிறேன். மொதலாளிக்குத் தெரிய வேணாம். நோர்த் பிரிட்ஜ்தான் சூடா இருக்காம், சவுத் பிரிட்ஜுல பிரச்சின இல்ல. ஞாயித்துக்கெழம நீங்க வந்தீங்கன்னா ஒரேயடியா முடிச்சிரலாம்.”

குசினிக்குள் அன்டி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அவருக்குக் கடைத்தெருத் தமிழ் தெரியும். தமிழில் ஆள் என்றால் ‘வர்றாங்க’, சாமான் என்றால் ‘வருது’ என்கிற வித்தியாசத்தை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? சிங்களப் பேச்சில் ஆள் வந்தாலும் ‘எனவா’தான், அரிசி மூட்டை வந்தாலும் ‘எனவா’தான். போர்ட் என்றதும் அவர் போர்டர் என்று எடுத்துக்கொண்டார். கொழும்பிலிருந்து மூன்று பேர், யாருக்கும் தெரியாமல் ரூமில் தங்கப்போகிறார்கள், வடக்கில் ஏதோ பாலம் சூடாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடப்போகிறார்கள். பாவம், அந்த மனுஷி இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். தாங்க முடியாமல் பக்கத்து வீட்டு அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்: “நம்ம பையன் நல்லவன்தான். அந்த மூணு பேரைப் பத்தித்தான் எனக்கு ஒண்ணும் தெரியாது.”

கட்டிலில் மூவர்

பக்கத்து வீட்டு அம்மா ஒருவரிடம் மட்டும் சொல்கிற பழக்கம் இல்லாதவர். ஞாயிறு காலை கதவு தட்டப்பட்டது. டொக்டர்தான் என்று சிரித்துக்கொண்டே திறந்தேன். ஒரு சப் இன்ஸ்பெக்டரும் இரண்டு கொன்ஸ்டபிள்களும் நின்றார்கள். பேச்செல்லாம் சிங்களத்தில் நடந்தது. “மூணு பேரும் எங்க?” என்றார் சப் இன்ஸ்பெக்டர். எந்த மூன்று பேர் என்று நான் விழிக்க, அவர்கள் அலுமாரியைத் திறந்தார்கள், கட்டிலுக்கடியில் குனிந்தார்கள், ஒருவர் கூரையைத் தட்டிப் பார்த்தார். கொழும்பிலிருந்து வந்த போர்டர் மூன்று பேர் என்று அவர் மறுபடி சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. கட்டிலைக் காட்டினேன். பேப்பர் விரித்து மூன்று போர்டுகளும் வரிசையாகப் படுத்திருந்தன.

சிரிக்கத்தான் வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சப் இன்ஸ்பெக்டர் குனிந்து போர்டுகளைப் பார்த்தார். வடக்குப் பாலம் எது என்றார். தொட்டுக் காட்டினேன். தெற்குப் பாலம்? அதையும் காட்டினேன். வடக்கு ஏன் சூடாகிறது என்று கேட்டார். எல்லாப் பாரமும் அது வழியாகத்தான் போகிறது சேர், அதனால் சூடு, தெற்கில் அவ்வளவு பாரம் இல்லை என்று கடையில் சொல்கிற பழக்கத்தில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. வாசலில் நின்ற அன்டி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சப் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். “இவ்வளவு விளக்கமாச் சொல்றியே, இத ஸ்டேஷனுக்கு வந்து சொல்லு. அவங்க மூணு பேரையும் தூக்கிக்கிட்டு வா.”

இவர்தான் சுடுவது

அந்த நாட்களில் எங்களுக்கு ஸ்டேஷனுக்குப் போவது சுலபம், திரும்பி வருவதுதான் யார் கையில் இருக்கிறது என்று தெரியாது. எனக்காகப் பேசக்கூடியவர் ஒருவர்தான். டொக்டருக்கு ஆள் அனுப்பினார்கள். மனைவியோடும் குழந்தையோடும் வந்து சேர்ந்தார். இந்த போர்டுகளை வரவழைக்கச் சொன்னது யார் என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் டொக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொண்டையைச் செருமினார். பிள்ளையின் படிப்புக்கு என்றார். எல்லோரும் பிள்ளையைப் பார்த்தார்கள். பிள்ளை விரல் சூப்பிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் டொக்டரின் பல்லை நானே பிடுங்கியிருப்பேன்.

அப்போது அவர் மனைவி முன்னால் வந்தார். மாத்தளைச் சந்தையில் பொறுக்கிய சிங்களத்தில், யாரும் தடுப்பதற்குள் சொல்லிவிட்டார்: “பிள்ளைக்கு இல்லை சேர். இவருக்குத்தான். ராத்திரி முழுக்க இவர்தான் சுடுறது.” வாசலில் நின்ற கொன்ஸ்டபிள் துப்பாக்கியைச் சரியாகப் பிடித்தார். டொக்டரின் முகம் அவர் ஆஸ்பத்திரியில் போடுகிற கோட்டைவிட வெள்ளையாகிவிட்டது. பிறகு என்ன செய்வார், மேசைமேல் வலது கையை வைத்து, இல்லாத மௌஸை அசைத்து, வாயால் சத்தமும் போட்டு, தான் ராத்திரியில் யாரை எப்படிச் சுடுகிறார் என்று நடித்துக் காட்டினார். ஒரு கொன்ஸ்டபிளின் மகனும் அதே கேம்தான் விளையாடுகிறானாம், அவர்தான் முதலில் சிரித்தார். ஸ்டேஷனே சிரித்தது. என்னைப் போகச் சொன்னார்கள். போர்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது சப் இன்ஸ்பெக்டர், இந்த மூன்றில் எது நல்லது என்று கேட்டார். வடக்கு சூடாகாதது எதுவோ அதுதான் சேர் நல்லது என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “அப்படி ஒண்ணு கெடச்சா மொதல்ல எனக்குச் சொல்லு.”

யாருக்கு எப்போது தெரியும்

நிரபராதி என்று பொலிஸே சொல்லி அனுப்பிய சந்தோஷத்தில் போர்டிங்குக்கு வேகமாக நடந்தேன். அன்டி வாசலிலேயே நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆளையும் சாமானையும் குழப்பிக்கொண்டது தன் பிழை என்று சொல்லிச் சொல்லி அழுதார். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. சோறு போட்டுத் தந்தார். தேங்காய்ப்பால் விட்ட பருப்பும் கருவாடும். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

கை கழுவி வந்தபோதுதான் மாத முடிவுக்குள் வேறு ரூம் பார்க்கச் சொன்னார். என்மேல் குற்றமில்லை என்று பொலிஸே சொல்லிவிட்டதே அன்டி என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னார்: “மகன் நல்ல பிள்ளைன்னு எனக்கு முன்னாடியே தெரியும். பொலிஸுக்கு இன்னைக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்கு எப்ப தெரியும் மகன்?”

எந்த போர்ட் நல்லது என்று கேட்பவர்களுக்கு இன்றைக்கும் சளைக்காமல் பதில் சொல்கிறேன்; எந்த போர்டிங் நல்லது என்று மட்டும் தயவுசெய்து என்னிடம் கேட்டுவிடாதீர்கள்.