தெமோதரையில் ஒரு ஒலிப்பதிவு

இலங்கை மலையகத்தின் தெமோதரை ஸ்டேஷன் பெஞ்சில், தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண் என் ரெக்கார்டரையே முறைக்கிறார். இங்கே 'இலை' பேச்சில் 'எலை' ஆகிறது. பின்னால் வரும் உயிரொலி முன்னதைத் தன் பக்கம் இழுக்கிறது. அதைப் பதியத்தான் வந்திருக்கிறேன். கருவி ஓடும்வரை அவர் பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல் "இலை, இடம், உலகம்" என்கிறார்.

கருவியை அணைத்ததும் குரல் மாறுகிறது. "வீடு கட்ட எடம் தர்றோம்னுதான் போன தடவையும் ஆபீஸ்காரங்க பேரு எழுதிட்டுப் போனாங்க. எங்க பேச்சை வச்சு இந்தியாவா இலங்கையா, எந்த நாட்டு ஆளுன்னு பிரிக்கப் போறீங்களா, சேர்?"

"இல்லையக்கா, ஆராய்ச்சிக்குத்தான்."

"அப்ப நீங்களும் பேசுங்க."

தன் போனில் ரெக்கார்டிங்கைத் தட்டி என் வாயருகே நீட்டுகிறார். நான் யாழ்ப்பாணத்துக்காரன்; என் பேச்சும் ஊரைக் காட்டிக்கொடுக்கும். வாயைத் திறக்குமுன் யோசிக்கிறேன், இது யாரிடம் போகும்?