எஸ்நாத்துக்குத் தெரியாமல் வைத்த விருது

எங்கள் ஜோம்பா ஊர் நேசக்கரம் சங்கத்தார் எஸ்நாத் நகும்வாவுக்கு விருது கொடுப்பதென்று ஜூலை மாதம் முடிவு செய்தார்கள். நவம்பர் மாநாட்டு மேடையில் பேரைக் கூப்பிடும்வரை விஷயம் அவள் காதுக்கு எட்டக் கூடாது என்றும் அதே கூட்டத்தில் முடிவு செய்தார்கள். முதல் முடிவுக்கு ஐந்து நிமிஷம் ஆனது. இரண்டாவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

அது அவர்களுடைய வழக்கம். தென்வட்டாரத்தில் நேசக்கரம் சங்கங்கள் பதினொன்று இருக்கின்றன. வருஷத்துக்கு ஒருமுறை பிளான்டயர் நகரத்தில் கூடி, சிறந்த தொண்டர் என்று ஒருவருக்குக் கண்ணாடிக் கேடயம் கொடுப்பார்கள். விருதுக்குரியவர் ஒன்றுமறியாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பேரைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு அழ வேண்டும். அழாவிட்டால் கூட்டத்துக்குச் சப்பென்று போய்விடும். முந்தின வருஷம் வேறொரு சங்கத்து ஆள், பேரைக் கூப்பிட்டதும் புதுக் கோட்டின் பையிலிருந்து நன்றியுரையை எடுத்துப் படித்துவிட்டார். அந்தச் சங்கத்தை இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். ஜோம்பாவுக்கு அந்த அவமானம் வரக் கூடாது என்று செயலாளர் கிளாட்சன் சிகோபா கங்கணம் கட்டிக்கொண்டார். கிளாட்சன் சந்தைத் தெருவில் விதைக்கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்கிற கெடுதலுக்கு யாரைப் போய்த் திட்டுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எஸ்நாத் அந்தச் சங்கத்தில் உறுப்பினர்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை பார்த்தவள். அவள் புருஷன் லைசன் தேயிலைத் தோட்டத்தில் காவலாளி. அவனுக்குக் கண் மங்கத் தொடங்கியபோது இருவரும் இலைச்சாறு ஊற்றிப் பார்த்தார்கள், தண்ணீர் மந்திரித்துப் பார்த்தார்கள். நாலு வருஷம் கழித்துச் சங்கத்தின் கண் முகாமுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு வருஷம் முன்னால் வந்திருக்கலாம் என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவள் அவன் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அடுத்த முகாமுக்குத் தனியாக வந்து, வேலை ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்று வாசலில் நின்றாள்.

அது பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய பேச்சு. அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு முகாம், ஒன்றையும் அவள் விட்டதில்லை. முகாமுக்கு ஒரு மாதம் முன்பே சில்வா ஏரிக்கரை ஊர்களுக்குக் கிளம்பிவிடுவாள். பாதி தூரம் நடை, பாதி தூரம் வாடகைச் சைக்கிளின் பின்சீட்டு. கண் தெரியாதவர்களை வீடுகளில் உள்ளறையில் வைத்திருப்பார்கள். கோழி, ஆடு, விளைச்சல் என்று ஊர்க்கதை பேசிக்கொண்டே அவர்களைக் கண்டுபிடித்துவிடுவாள். பயப்படுகிறவர்களிடம் மறுபடி போவாள், அதற்கும் மறுபடி போவாள். முகாமன்று லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, கட்டு அவிழ்க்கும்வரை கூடவே இருப்பாள். லைசன் இறந்துவிட்டான். பிள்ளைகள் இரண்டு பேரும் தென்னாப்பிரிக்காவில். முகாம்தான் அவளுக்கு வீடு, வாசல், சொந்தபந்தம் எல்லாம்.

வாய் மட்டும் கொஞ்சம் அதிகம். ஏப்ரல் முகாமில் சங்கத் தலைவரின் மனைவி, கண்கட்டோடு இருந்த ஒரு கிழவரை வெயிலில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எஸ்நாத் பார்த்துவிட்டாள்.

"அவருக்குத்தான் கண்ணே தெரியலயே, யாரப் பாத்துச் சிரிக்கச் சொல்றீங்க? போங்கம்மா, போய் நெழல்ல நின்னு உங்களையே எடுத்துக்குங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தலைவரின் மனைவி சிரிக்கவில்லை. இதை எஸ்நாத் மறக்கவில்லை என்பதுதான் பின்னால் வினையாகப் போனது.

ஆகஸ்ட் கடைசியில் ஏரிக்கரை ஊரொன்றில் எலுபேயைப் பார்த்தாள். மூன்றரை வயதுப் பெண் குழந்தை. வலது கண்ணின் நடுவில் வெள்ளையாக ஒரு மினுக்கம் தெரிந்தது. எஸ்நாத் உடனே மரத்தடிக்குப் போய் டாக்டருக்குப் போன் செய்தாள்.

"அது கட்டிதான். அந்தக் கண்ண எடுத்துட்டா புள்ள பொழச்சிக்கும்," என்றார் டாக்டர். "முகாமுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. அதுக்கு மேல ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க."

எலுபேயின் தாய் டோரிகா ஒத்துக்கொள்ளவில்லை. முன்பொரு தடவை அவள் தங்கையின் குழந்தையைக் காய்ச்சலென்று ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றிப் போனார்கள். அதே வண்டியில் பிணமாகத் திரும்பி வந்தது. வண்டிச் சத்தம் கேட்டாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். எஸ்நாத் முதல் நாள் போனாள், நாலாம் நாள் போனாள். ஒன்பதாம் நாள் அவளோடு உட்கார்ந்து ஒரு கூடைத் துவரையை உரித்துப் போட்டுக்கொண்டே புருஷன் கதையை முழுக்கச் சொன்னாள். டோரிகா உரித்த பருப்பை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நீங்க கூட வருவீங்களா?"

"நான் வராம யாரு வருவா? நானே வந்து, நானே மடியில வச்சுக் கூட்டிப் போவேன். திரும்ப உன் கையில நான்தான் குடுப்பேன்."

"அந்த வேர் மருந்துக்காரன் தெனமும் வந்து நிக்கிறான்மா. கண்ணுல ஏதோ சாறு ஊத்தணுங்கிறான்."

"நான் வர்ற வரைக்கும் யார் கையிலயும் புள்ளையக் குடுக்காத. யார் வந்து என்ன சொன்னாலும் சரி."

டோரிகா தலையாட்டினாள். எஸ்நாத் அன்றைக்குச் சந்தோஷமாக ஊர் திரும்பினாள்.

மறுநாள் லாரிப் பட்டியலைக் கேட்டு விதைக்கடைக்குப் போனால், கிளாட்சன் அவள் முகத்தைப் பார்க்காமல் மக்காச்சோள மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். முகாமில் அவளைப் பற்றி நோயாளிகளைப் பேசச் சொல்லிப் படம் பிடிக்கப் போகிறார்கள், மாநாட்டில் திரையில் காட்ட. அவள் அந்தப் பக்கம் வந்தால் எல்லாம் கெட்டது.

"இந்தத் தடவ நீங்க ஓய்வு எடுங்கம்மா. ஏரிக்கரைய யாங்கோ பாத்துப்பான்."

யாங்கோ புதிதாகச் சேர்ந்த தொண்டன், தொலைபேசிக் கம்பெனியில் வேலை.

"ஓய்வா? நான் கேட்டனா?"

"கமிட்டி முடிவும்மா. நான் என்ன பண்றது."

"அங்க ஒரு புள்ள இருக்குது ஐயா. நான்தான் போகணும். நான் போனாத்தான் அவ குடுப்பா."

"பேர எழுதிக் குடுங்க. யாங்கோ போய்க் கூட்டிட்டு வந்துருவான்."

அவளுக்குச் சட்டென்று ஏப்ரல் மாதத்துப் படம் ஞாபகம் வந்தது. ஓகோ, தலைவர் வீட்டம்மா வேலையைக் காட்டிவிட்டார் என்று நினைத்தாள். வேறென்ன நினைப்பாள்? பத்தொன்பது வருஷத்தில் அவளை யாரும் வேண்டாமென்று சொன்னதில்லை. காகிதத்தில் ஊர், தாய் பேர், பிள்ளை பேர், 'மிக அவசரம்' என்று எழுதி நீட்டினாள். கிளாட்சன் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். அவள் போனபிறகு, சமாளித்துவிட்டோம் என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார்.

ஏரிக்கரைக்குத் தன் பாட்டுக்குப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். போக எண்ணித் துணியை மடித்து வைத்தாள். ஆனால் சங்கம் வேண்டாமென்ற பிறகு எந்த லாரியில் ஏற்றுவது, எந்த டாக்டரிடம் நிறுத்துவது? அதைவிட, ரோஷம். எழுதிக் கொடுத்தாயிற்று, பெரிய மனிதர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று மடித்த துணியைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். அந்த ஒரு ரோஷத்துக்காகத் தன்னை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

முகாமன்று காலையில் மனசு கேட்காமல் வாசல்வரை போனாள். எலுபே வந்துவிட்டாளா என்று பார்த்துவிட்டால் போதும். உள்ளே கேமராக்காரன் நின்றிருந்தான். கிளாட்சன் பதறியடித்து ஓடிவந்து, வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"உள்ள வராதீங்கம்மா. தயவுபண்ணி வீட்டுக்குப் போங்க."

"அந்தப் புள்ள வந்துச்சா? அத மட்டும் சொல்லுங்க."

"எல்லாரும் வந்துட்டாங்க, எல்லாரும் வந்துட்டாங்க. நீங்க போங்க."

அவர் பொய் சொல்லவில்லை. யாரைக் கேட்கிறாள் என்றே அவர் காதில் வாங்கவில்லை. காத்திருந்த நோயாளிகள் எல்லோரும் பார்க்க எஸ்நாத் திரும்பி நடந்தாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிள்ளை வந்துவிட்டது, அது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஐந்து வாரம் கோயிலுக்கும் தண்ணீருக்கும் தவிர வெளியே இறங்கவில்லை.

நவம்பரில் கிளாட்சன் வீட்டுக்கே வந்து, மாநாட்டுச் சமையலுக்கு ஆள் பற்றவில்லை என்று கூப்பிட்டார். வரமாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தாள். அடுப்படிக்காவது கூப்பிட்டார்களே என்று போனாள். பிளான்டயரில் ஹோட்டல் மண்டபம் நிறைந்திருந்தது. சமையல் துணியோடு அவளைப் பின்வரிசையில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பேரைக் கூப்பிட்டார்கள். யாரோ கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றினார்கள்.

திரையில் படம் ஓடியது. வாசலில் அவளை மறித்த அதே நாள், அதே முகாம். கண்கட்டோடு கிழவர்கள், மீன்காரப் பெண்கள், ஒவ்வொருவராக அவள் பேரைச் சொல்லி வாழ்த்தினார்கள். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. கிளாட்சனின் முகத்தில் பூரிப்பு வழிந்தது. மண்டபம் அவள் அழுவதற்காகக் காத்திருந்தது. அவள் அழவில்லை. திரையில் வந்த ஒவ்வொரு முகத்தையும் தேடிக்கொண்டிருந்தாள். படம் முடிந்தது.

"எலுபே எங்க?" என்றாள். ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது. "படத்துல இல்லயே."

"யாரும்மா?" என்றார் கிளாட்சன்.

"எழுதிக் குடுத்தனே, அந்தப் புள்ள."

யாங்கோ நடுவரிசையில் எழுந்து நின்றான். அவனுக்குப் பட்டியல் நன்றாக ஞாபகம் இருந்தது. "ரெண்டு தடவ போனோம்மா, நானும் டிரைவரும். அந்த வீட்டுல புள்ளையே இல்லன்னு சொல்லிட்டாங்க. தப்பான பேர்னு அடிச்சிட்டோம்."

எஸ்நாத் கேடயத்தை மேஜைமேல் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினாள். உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவள் வாசலைத் தாண்டுகிறவரை கைதட்டினார்கள்.

கிளாட்சன் பின்னாலேயே ஓடிவந்து, தன் வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓட்டினார். வழியெல்லாம் ஏதோ சொல்லப் பார்த்தார். வண்டிச் சத்தம் கேட்டு டோரிகா உள்ளே போய்விட்டாள். எஸ்நாத்தின் குரல் கேட்ட பிறகுதான் கதவு திறந்தது. பிள்ளை இடுப்பில் இருந்தது. வலது கண் வீங்கி வெளியே தள்ளியிருந்தது. இடது கண்ணிலும் அந்த வெள்ளை இருந்தது.

"வந்துட்டீங்களா," என்றாள் டோரிகா. அவள் குரலில் நிம்மதிதான் இருந்தது. "கார்ல ரெண்டு பேரு வந்தாங்கம்மா, உங்க பேரச் சொல்லிக்கிட்டு. நான் மசியல. புள்ளையே இல்லன்னுட்டேன்."

கிளாட்சன் வண்டியருகிலேயே நின்றுவிட்டார். எஸ்நாத் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள், டோரிகா பின்சீட்டில் ஏறினாள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அன்றே பார்த்தார், மறுநாள் தலையை ஸ்கேன் படம் எடுத்தும் பார்த்தார். கட்டி மூளைவரை ஏறிவிட்டது என்றார். இனிமேல் கண்ணை எடுப்பது வலி குறையத்தான், உயிருக்காக இல்லை என்றார். டோரிகாவுக்கு அதை எஸ்நாத்தான் அவள் பாஷையில் சொன்னாள். டோரிகா அழுதாள். ஆனால் யாரையும் குறை சொல்லவில்லை. குறை சொல்ல ஆளிருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் மத்தியானம், நோயாளிகளின் வீட்டார் சமைக்கிற கொல்லையில் டோரிகா சோளக்களி கிண்டினாள். காய்ந்த மீனைக் குழம்பு வைத்து, முதல் தட்டை எஸ்நாத் முன்னால் வைத்தாள். எஸ்நாத்துக்குக் கை போகவில்லை.

"சாப்பிடுங்கம்மா. ஒடம்பு தேறணும்ல?"

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். அன்னிலேர்ந்து கேக்கணும்னு இருந்தேன், வாய் வரல. என்ன சீக்கும்மா உங்களுக்கு? வர்றேன்னு சொன்னவங்க வரலன்னா படுக்கையில கெடப்பாங்கன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. ஞாயித்துக்கெழம கோயில்ல உங்க பேரச் சொல்லித்தான் ஜெபம் வச்சோம். எலுபேயும் தெனம் படுக்கறப்ப சொல்லுவா, அந்த அம்மாவுக்குச் சீக்கிரம் சரியாகணும்னு."

எஸ்நாத் சொல்லக்கூடிய காரணங்கள் எத்தனையோ இருந்தன. விருது, படம், வாசலில் மறித்தது, தலைவர் வீட்டம்மா. எல்லாமே உண்மைதான். அதில் ஒன்றைக்கூட இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

"எனக்குச் சீக்கு ஒண்ணுமில்ல டோரிகா," என்றாள். "நல்லாத்தான் இருந்தேன். வீட்டுலதான் இருந்தேன்."