ஃபியூஸில் சுற்றிய ஜரிகை

தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்குப் பிராட்வேயில் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். எழுபத்தைந்து கிலோமீட்டர். பூந்தமல்லி தாண்டும் வரை நின்றுகொண்டுதான் போனேன். காஞ்சிபுரம் போகிறவர்கள் கோயிலுக்கோ புடவைக்கோ போவார்கள். நான் போனது ஒரு காருக்காக. மடியில் டூல்ஸ் பை.

கார் என் சகலை தயாளனுடையது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் சிவப்பு நிற வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார், முப்பது வருஷம் பழசு. அவன் வாங்குவதற்கு முன்னால் அது சென்னையில் ஒரு வக்கீல் வீட்டில் நின்றது. அங்கே அதற்கு ஒயரிங் வேலை பார்த்தவன் நான்தான். வக்கீல் விற்கப்போகிறார் என்று தெரிந்து பணம் புரட்டிக்கொண்டிருந்தேன். பெருமைக்காகத் தயாளனைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அடுத்த வாரமே அவன் வாங்கிவிட்டான். நெசவாளர்களுக்கு ஜரிகை விற்கிறவன், கையில் காசு இருந்தது. அன்றிலிருந்து அவன் முகத்தைப் பார்த்தாலே எனக்கு எரியும்.

முந்தின நாள் போன் பண்ணினான். வண்டியை வலது பக்கம் ஒடித்துத் திருப்பினால் ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் எல்லாம் மயங்கிவிடுகிறதாம். கொஞ்ச நேரத்தில் தானாகவே உயிர் வருகிறதாம். உள்ளூர் மெக்கானிக்குகள் மொத்த ஒயரிங்கையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

"உங்களாலயும் முடியலைன்னா நீங்களே எடுத்துக்கினு போயிடுங்கண்ணா. வாங்கின விலைக்கே தரேன். மல்லிகா வண்டிய வாசல்ல நிறுத்தக் கூடாதுன்றா" என்றான்.

பஸ்ஸில் வழி முழுக்க எனக்கு அந்த ஒரே நினைப்புதான். முடியாது என்று ஒரு வார்த்தை. கார் என்னுடையது.

எட்டரைக்கு இறங்கினேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து சின்ன காஞ்சிபுரத்துக்கு ஷேர் ஆட்டோவில் மூன்று ரூபாய். ஞாயிற்றுக்கிழமை என்று யாரும் சும்மா இல்லை, வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். தெருவின் கோடியில் வரதராஜப் பெருமாள் கோயில் கோபுரம் தெரிந்தது. சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு அது அழகு. எனக்கு அவன் வீட்டு வாசலில் வெயிலில் நின்ற காரின் சிவப்புதான் கண்ணில் பட்டது. பெயின்ட் வெளுத்திருந்தது. ஒரு கொட்டகை கூடப் போடவில்லை, பாவி.

மல்லிகா, என் மனைவியின் தங்கை, காபி கொண்டுவந்தாள்.

"இன்னா மாமா, இளைச்சிட்டீங்க?"

"பஸ்ல நின்னுக்கினு வந்தா இளைக்காம?"

"இவரு கார்ல போனாலும் அப்படித்தான். பாதி தூரம் நான் எறங்கித் தள்ளிக்கினு வரணும்."

"எப்ப தள்ளின நீ?" என்றான் தயாளன்.

"ஊர்வலத்துல மாட்டி ஹாரன் அடிக்காம நின்னியே, அப்ப யாரு எறங்கிக் கத்தினது? மாமா, அதுல உக்காந்தா முடி பொசுங்கற நாத்தம் வருது. எனக்கு வாணாம் அந்தச் சனியன்."

முடி பொசுங்கும் நாற்றம். ஒயர் எரிந்தால் அந்த வாசனை வராது. பானெட்டைத் தூக்கி ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். ஃபியூஸ் பளபளவென்று மின்னியது. மேலே தடியாக ஜரிகை சுற்றியிருந்தது. ஜரிகைக்கு உள்ளே பட்டு நூல். அது கருகினால் முடி நாற்றம்தான் வரும்.

"யாருய்யா இத சுத்தினது?"

"நான்தாண்ணா. ஃபியூஸ் போய்க்கினே இருந்துது. சிகரெட் பாக்கெட்டு வெள்ளிப் பேப்பர் சுத்தினா நிக்கல. இது அசல் வெள்ளி ஜரிகை. மெக்கானிக்குங்க கூட பாத்துட்டு ஃபியூஸ் நல்லா இருக்குதுன்னாங்க."

எனக்கு வந்ததே கோபம். இப்படி ஒரு கார் இப்படிப்பட்டவன் கையில் போய் மாட்டியிருக்கிறதே.

"அறிவிருக்குதாய்யா உனக்கு? ஃபியூஸ் போவுதுன்னா எங்கயோ ஒயர் உரசுதுன்னு அர்த்தம். அத பாக்காம பார்டர் கட்டி வெச்சிருக்கியே. இன்னும் நாலு நாள் ஓட்டியிருந்தா வண்டியோட நீயும் வெந்திருப்ப. இங்க பாரு."

டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு, ஸ்டியரிங் தண்டை ஒட்டிப் போன ஒயரை இழுத்துக் காட்டினேன். தோல் உரிந்து செம்பு தெரிந்தது. வலது பக்கம் திருப்பும்போதெல்லாம் தண்டில் பட்டிருக்கிறது. ஜரிகை ஃபியூஸைப் போகவிடாததால், ஒயர் விலகியதும் எல்லாவற்றுக்கும் உயிர் வந்திருக்கிறது.

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

"அவ்ளோதானா?" என்றான் தயாளன். முகம் மலர்ந்துவிட்டது. மல்லிகாவைப் பார்த்தான். "ஒத்த ஒயரு. இதுக்குப் போய் விக்கச் சொன்னியே."

விற்பது பற்றிப் பிறகு அவன் பேசவில்லை. நான் எப்படிக் கேட்பது? ஒயரை வெட்டிப் புதிதாக இணைத்து, தண்டில் படாமல் தள்ளிக் கட்டினேன். ஜரிகையைப் பிய்த்தெறிந்து சரியான ஃபியூஸ் போட்டேன். வேலையைக் குறையாகச் செய்ய மனசு வரவில்லை. அந்த ஒயரைப் பத்து வருஷமாக எனக்குத் தெரியும்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு சோதிக்கப் பக்கத்து ஊர் ஐயம்பேட்டை வரை ஓட்டினேன். தயாளன் பக்கத்து சீட்டில். எல்லாத் திருப்பத்திலும் எல்லாம் வேலை செய்தது. ஐயம்பேட்டையில் டீக்கு நிறுத்தினபோது ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் வந்து பானெட்டைத் தடவிப் பார்த்தார்.

"சூப்பரா இருக்குதுண்ணா. யாரு வண்டி?"

"என்னுது" என்றேன்.

தயாளனுக்குக் காதில் விழுந்தது. மறுத்துப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவன் டீயை ஊதிக் குடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தான். அவரிடம், "ஆமாப்பா, அண்ணனுதுதான்" என்றான். காரையும் வைத்துக்கொண்டு பெருந்தன்மையும் அவனுக்கே.

ஐந்து மணிக்கு பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டான். எங்கள் சந்தில் இந்தக் கார் நுழையக்கூட நுழையாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தால் ஆசை போய்விடுமா? ஜன்னல் ஓரமாக இடம் கிடைத்தது. பஸ் நகர்ந்ததும் பின்னாலிருந்து அவன் ஹாரன் அடித்து வழியனுப்பினான். கணீரென்று கேட்டது. நான் திரும்பவில்லை.