ஐந்தாம் நாள் வந்த சான்றிதழ்

மாண்ட்ரியலில் ஒரு பல்கலைக்கழகத்தில் பண்டைய கிரேக்கர்களின் சட்டத் தத்துவம் கற்பிக்கிறேன். சட்டம் எல்லோருக்கும் பொதுவாக எழுதப்படுவது. எழுதியவர் நினைத்தே பார்க்காத ஒருவர் எதிரே வந்து நின்றால், அவருக்காக அதைத் தளர்த்துவதுதான் மேலான நீதி என்றார்கள் அவர்கள்.

இதை நான் வகுப்பில் விளக்கிய அதே வாரம், நகரின் லாசால் பகுதியிலிருந்து வரும் யாழ்ப்பாணத்து மாணவி ஒருத்தி என் அறைக்கு வந்தாள். அவள் தேர்வு எழுதவில்லை. தேர்வுக்கு வராதவர்கள் மூன்று நாளுக்குள் மருத்துவச் சான்றிதழ் தர வேண்டும் என்பது விதி. அவள் கொண்டுவந்தது ஐந்தாம் நாள்.

"சேர், அம்மா ஐசியூவில கிடக்கிறா. அவவுக்கு இங்கிலீஷும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. டொக்டர் கதைக்கிறதை நான்தான் சொல்ல வேணும். விட்டிட்டு வர ஏலாமப் போச்சு."

நானும் தமிழன் என்பதால், தமிழ்ப் பெண்ணுக்குச் சலுகை காட்டினேன் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா" என்றேன். அப்படியே அலுவலகத்துக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

"ஓம் சேர்" என்று போய்விட்டாள்.

மனசு கேட்காமல், பத்து நாள் கழித்து முடிவை மாற்றச் சொல்லி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மாள் என் கடிதத்தையே எடுத்துக் காட்டி, "ஒருவருக்காக மாற்ற முடியாது, நீங்களே எழுதியிருக்கிறீர்களே" என்றார்.

மாணவியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அம்மா போயிட்டா சேர். நான் படிப்பை விட்டிட்டன். இப்ப புவாண்ட்-கிளேர்ல ஒரு கிடங்கில வேலை" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், வேலைக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாள். அதன்பிறகு அழைக்க எனக்குத் துணிவு வரவில்லை.