ஈரக் கட்டைவிரலும் ஒரு நெஞ்சுப் படமும்

இருட்டைக் கண்டு அஞ்சும் வயதை நான் கடந்து வெகுகாலம் ஆன பின்னரே, இருட்டில் நின்று பிழைக்கும் வேலை எனக்கு வாய்த்தது. தாராவியில் பதினாறு ஆண்டுகள் நான் பை தைத்துக்கொண்டிருந்த தோல் பட்டறை மூடப்பட்டபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. செம்பூரில் ஒரு சிறிய தர்ம மருத்துவமனையில் எக்ஸ்ரே படம் கழுவ ஆள் தேவைப்படுகிறது என்று எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவர் தெரிவித்தார். பெரிய மருத்துவமனைகளில் படத்தைக் கணினித் திரையிலேயே பார்க்கும் வசதி வந்துவிட்ட காலம் அது. எங்கள் மருத்துவமனைக்கு அது வந்து சேரவில்லை. பழைய ஸ்டூடியோக்களில் செய்ததைப் போலவே, ஃபிலிமை இருட்டறையில் மருந்தில் முக்கித்தான் படத்தை வரவழைக்க வேண்டும்.

எனக்கு அவ்வேலையைக் கற்பித்தவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளைய பெண்மணி. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்தவர். எக்ஸ்ரே பயிற்சி பெற்று, அந்தப் பிரிவைத் தனியொருவராக நடத்திவந்தார். என்னை அண்ணே என்று மரியாதையாக அழைப்பார். அழைத்த கையோடு திட்டவும் செய்வார். அதில் எனக்கு மனக்குறை ஏதும் இருந்ததில்லை.

இருட்டறை என்பது கைகளை விரித்தால் இரு சுவர்களையும் தொட்டுவிடக்கூடிய ஓர் அறை. ஃபிலிமுக்குக் கேடு செய்யாத மங்கிய சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் அங்கே எரியும். வரிசையாக மூன்று தொட்டிகள். முதல் தொட்டியில் படத்தை வரவழைக்கும் டெவலப்பர், நடுவில் தண்ணீர், கடைசியில் வந்த படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர். படம் எடுத்தவுடன் அவர் ஃபிலிம் பெட்டியைச் சுவரிலுள்ள சிறு கதவின் வழியே உள்ளே தள்ளுவார். நான் பெட்டியைத் திறந்து, ஃபிலிமை ஓரங்களில் மட்டும் பிடித்து, கம்பிச் சட்டத்தில் மாட்டி, முதல் தொட்டியில் இறக்க வேண்டும். அங்குள்ள வெப்பத்துக்கு நான்கு நிமிடம் என்று கணக்கு. அந்த நான்கு நிமிடமும் படத்தைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. தூக்கினால் மருந்து கோடு கோடாக வழிந்து திட்டு விழும். வெறும் ஃபிலிமை ஈரக் கையால் தொடுவது அதனினும் பெரிய குற்றம்.

இந்தக் கடைசி விதியை நான் மூன்றாவது வாரத்திலேயே மீறினேன். தேவ்நாரிலிருந்து வந்த ஓர் ஆட்டோ ஓட்டுநரின் நெஞ்சுப் படத்தில், தோள் எலும்புக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. நெஞ்சுப் படத்தில் காற்று கறுப்பாகவும் எலும்பு வெள்ளையாகவும் விழும். நுரையீரலில் காசம் பற்றிய இடமும் வெள்ளையாகவே விழும். அந்த அம்மையார் படத்தை விளக்குப் பெட்டியில் வைத்துச் சற்று நேரம் உற்று நோக்கினார். பிறகு என் வலக்கையைப் பற்றி இழுத்து, கட்டைவிரலை அந்தத் திட்டின்மேல் பிடித்துக் காட்டினார். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. ஃபிக்ஸர் நனைந்த விரலால் நான் ஃபிலிமைத் தொட்டிருக்கிறேன். தொட்ட இடத்தில் டெவலப்பர் பிடிக்கவில்லை.

"அண்ணே, இதப் பாத்தா டாக்டர் அந்த ஆளுக்கு ஆறு மாசம் மாத்திரை எழுதிருவாரு. அதாவது பரவாயில்ல. நெசமான சீக்க உங்க விரலுன்னு நெனச்சு நான் தூக்கிப் போட்டேன்னு வைங்க, அந்த ஆளு செத்தே போவாரு."

அன்றிலிருந்து அவ்வறைக்குள் நுழையும்போதெல்லாம் என் கைகளுக்கே நான் அஞ்சினேன். முப்பது பேருக்குப் படம் எடுத்த நாட்களில் முப்பது முறை கையைத் துடைத்தேன். வீட்டிற்குத் திரும்பிச் சோறு உண்ணும்போதும் விரல்களைத் துண்டால் துடைத்துவிட்டுத் தட்டைத் தொடுவதைக் கண்டு என் மனைவி, "இங்க என்ன எக்ஸ்ரேவா எடுக்குதாக?" என்று கேலி பேசுவாள். கேலி முடியும் முன்பே இருமல் அவளைப் பிடித்துக்கொள்ளும்.

அந்த இருமல் மழைக்காலத்தில் தொடங்கியது. மாட்டுங்காவில் ஒரு வீட்டில் அவள் சமையல் செய்துவந்தாள். மிளகாய் வறுக்கும் நெடி என்றாள். பிறகு மழை ஈரம் என்றாள். மழை நின்று, ஐப்பசி வந்தும் இருமல் நிற்கவில்லை. பகல் முழுவதும் இருமுகிறவர்களின் படங்களைக் கழுவிவிட்டு வருகிறவன் நான். இரண்டு வாரம் மனத்திற்குள்ளேயே புழுங்கிவிட்டு, ஒரு காலையில் அவளை வற்புறுத்திச் சுனாபட்டி நிலையத்தில் ரயிலேற்றிச் செம்பூருக்கு அழைத்துச் சென்றேன்.

அம்மையார் படம் எடுத்தார். சிறு கதவைத் திறந்து, "இத நான் கழுவுதேன், நீங்க அக்காகூட வெளிய இருங்க" என்றார். நான் மறுத்தேன். அவளுடைய நெஞ்சைப் பிறர் கையில் ஒப்படைக்க மனம் இசையவில்லை என்று அப்பொழுது எண்ணிக்கொண்டேன். உண்மையில், வெளியே அவள் பக்கத்தில் அமர்ந்து காத்திருக்க எனக்குத் துணிவில்லை.

அதற்கு முந்திய நோயாளியின் படம் ஃபிக்ஸரில் கிடந்தது. அதை எடுத்துத் தண்ணீரில் இட்டேன். பின்பு அவளுடைய பெட்டியைத் திறந்தேன். இவ்விரண்டு செயல்களுக்கும் நடுவே கையைத் துடைத்தேனா என்பதை இன்றுவரை அறியேன். ஃபிலிமை முதல் தொட்டியில் இறக்கியபின் ஒரு நிமிடம்கூடப் பொறுக்க முடியவில்லை, தூக்கிப் பார்த்தேன். சிவப்பு ஒளியில் பால் போன்ற பரப்பின்மேல் விலா எலும்புகள் மெல்ல உருவாகிக்கொண்டிருந்தன. மீண்டும் இறக்கினேன். மீண்டும் தூக்கினேன். நான்காம் முறை தூக்கியபோது வலத் தோள் எலும்பின் கீழ் ஒரு திட்டைக் கண்டேன். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஈரப் படத்தை விளக்குப் பெட்டியில் வைத்ததும் அம்மையார், தூக்கிப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். கையைத் துடைத்தீர்களா என்றார். தெரியவில்லை என்றேன். அவர் திட்டவில்லை. திட்டாததுதான் என்னைக் கலங்கச் செய்தது. என் கட்டைவிரலைத் திட்டின்மேல் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்கம் பொருந்தியது, மறுபக்கம் பொருந்தவில்லை. படம் நெடுகக் கோடுகள் வேறு.

"என்னால சொல்ல முடியல அண்ணே. இன்னொண்ணு எடுப்போம்."

மனைவியை மறுபடியும் அழைத்து நிறுத்தினோம். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னபோது இருமல் வந்து இருமுறை தடைப்பட்டது. நான் உள்ளே நின்று ஜெபித்தேன். ஆண்டவரே, அது என் விரலாக இருக்கட்டும். என் கவனக்குறைவாக இருக்கட்டும். இந்த வேலை போனாலும் போகட்டும். தன் பிழை மெய்யாக வேண்டும் என்று இறைஞ்சிய மனிதன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இம்முறை கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, உலர்ந்த துணியால் மூன்று முறை துடைத்தேன். ஃபிலிமை ஓரத்தில் பிடித்து மாட்டி, டெவலப்பரில் இறக்கிவிட்டு, இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வதை மட்டும் பார்த்தேன். ஒரு நிமிடம் கழிந்தது. என் முழங்கைக்குக் கீழே, கறுத்த மருந்துக்குள், அது வந்துகொண்டிருக்கிறது. குனிந்து தூக்கினால் தெரிந்துவிடும். கதவுக்கு வெளியே பெஞ்சில் அமர்ந்து அவள் இருமினாள். நான் நிமிடங்களை விட்டுவிட்டு இருமலை எண்ணத் தொடங்கினேன். ஏழு. சற்று ஓய்ந்து, மறுபடி நான்கு. மூன்றாம் நிமிடத்தில் இருமல் முற்றிலும் நின்றுபோனது. அந்த அமைதி அதைவிடக் கொடியதாக இருந்தது. கதவைத் திறந்து அவளைப் பார்த்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. திறந்தால் வெளிச்சம் புகுந்து படம் பாழாகும். நின்றேன்.

நான்கு நிமிடம் முடிந்தது. தண்ணீரில் அலசி, ஃபிக்ஸரில் இட்டு, அதற்குரிய நேரமும் காத்து, விளக்கைப் போட்டேன். கோடில்லை, ரேகையில்லை. அதுவரை நான் கழுவியிருந்த படங்களில் அதுபோல் குறையற்றது வேறொன்று இல்லை. வலத் தோள் எலும்பின் கீழ், அதே இடத்தில், பஞ்சைப் பிய்த்து வைத்தாற்போல் அந்தத் திட்டு இருந்தது.

அம்மையார் பார்த்தார். "இது விரல் இல்ல அண்ணே" என்றார்.

சொட்டும் படத்தைச் சட்டத்தோடு ஏந்தி வெளியே வந்தேன். அவளிடம் மறைக்கும் எண்ணத்துடன்தான் வந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்க இருக்கு?" என்றாள். விரல் படாமல் சுட்டிக் காட்டினேன். சன்னல் வெளிச்சத்துக்கு நேரே சட்டத்தைத் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"கணபதி கரைச்ச அன்னைக்குக் காலையில வாய் கொப்பளிக்கும்போது ரத்தம் வந்துச்சு. அப்புறமும் ஒருக்கா."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அப்ப நீங்க வேலைக்குச் சேந்து ஒரு மாசங்கூட ஆகல. சொன்னா இருட்டுக்குள்ள கை நடுங்கிக்கிட்டு நிப்பீக. அதான்."

மருத்துவர் எங்களை அழைத்தார். அவர் இந்தியில் விளக்கியதை நான் அவளுக்குத் தமிழில் சொன்னேன். சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆறு மாதம் ஒரு நாளும் தவறாமல் மாத்திரை விழுங்க வேண்டும். விழுங்கினால் பெரும்பாலும் குணமாகிவிடும். பெரும்பாலும் என்ற சொல்லை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. காற்றோட்டத்துக்காகச் சன்னலைத் திறந்து வைத்துத் தனியறையில் படுக்கட்டும் என்றும் அவர் கூறினார். அதைச் சொன்னதும் அவள் என்னைப் பார்த்தாள். எங்கள் வீடு ஒரே அறை. அதற்குச் சன்னல் கிடையாது.

"கதவு இருக்குல்லா" என்றாள்.

அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டுக் கதவு சாத்தப்படவில்லை. காற்று வரும் பக்கமாக அவள் படுத்தாள். நான் வாசற்படியை ஒட்டி, பாதி உடல் சந்தில் கிடக்கப் படுத்தேன். சந்தில் போவோர் என் கால்களைத் தாண்டிச் சென்றார்கள். அவள் பிழைத்தாள். ஆயினும் எந்த நாளில் அச்சம் என்னை விட்டு நீங்கியது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. அவள் இருமினாலும் விழித்துக்கொள்வேன். இருமாமல் வெகுநேரம் கிடந்தால் எழுந்து சென்று மூக்கருகே கையை வைத்துப் பார்ப்பேன்.