பெரியூட்டுக்கும் சின்னூட்டுக்கும் நடுவே

போன வாரம் ஒரு கணக்கு என்னைப் பை கட்ட வைத்துவிட்டது. எனக்குக் கணக்கும் தெரியாது, எழுத்தும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் பேத்தி கவிதா என்பது வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் அவளைப் பற்றியே அவள் எழுத வேண்டியிருக்கிறது. எழுதட்டும்.

எனக்கு இரண்டு மகன்கள். பெரியவன், கவிதாவின் அப்பா, கோயமுத்தூரில், காந்திபுரத்துக்குப் பக்கத்தில். சின்னவன் கொடுமுடியில். பெரியூட்டில் இரண்டு மாதம், சின்னூட்டில் இரண்டு மாதம் என்று ஏற்பாடு. நடுவில் காங்கேயத்தில் பஸ் மாற வேண்டும். மூன்று பைகள், ஒரு மாத்திரை டப்பா, ஒத்துழைக்காத இரண்டு முழங்கால்... சலித்துப் போகிறது. எங்கே இருந்தாலும் தேடுகிற சேலை இன்னொரு மகன் வீட்டில் இருக்கிறது.

அன்று காலையில்தான் கொடுமுடியிலிருந்து பெரியூட்டுக்கு வந்து படுத்திருந்தேன். பக்கத்து அறையில் கவிதாவும், உக்கடத்திலிருந்து வந்திருந்த அவள் தோழி நஸ்ரீனும் படித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் ப்ளஸ் டூ பரீட்சை. தலைக்கு மேலே ஃபேன் வேறு கடகடவென்று பாதிப் பேச்சைத் தின்றுகொண்டிருந்தது.

“ரெண்டு ஊட்டத்துக்கும் நடுவுல வெச்சா அது எங்க நிக்கும்?” இது கவிதா.

“சரி பாதியில,” என்றாள் நஸ்ரீன்.

“இல்ல புள்ள. பெரிய ஊட்டம் ஜாஸ்தி தள்ளுமில்ல? அது சின்ன ஊட்டத்துப் பக்கம்தான் போகோணும்.”

எனக்குக் கேட்டது ஊட்டம் இல்லை, ஊடு. வீட்டை நாங்கள் அப்படித்தானே சொல்வோம்? வயதானவர்களை ‘அது’ என்பதும் இங்கே வழக்கம்தான். பெரியூடு தள்ளுகிறது, அது சின்னூட்டுக்குப் போக வேண்டும் — இதற்கு மேல் எனக்கு யார் விளக்கிச் சொல்ல வேண்டும்?

எழுந்து சமையலறைக்குப் போனேன். மருமகள் சாந்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அம்மணி, நான் இனி சின்னூட்டுலயே இருந்துக்கறேன். மாத்தி மாத்தி வேண்டாம்.”

அவள் கை நின்றது. ‘ஏன்’ என்று கேட்பாள் என்று நின்றேன்.

“அப்படீங்களா அத்தை,” என்றாள். மறுபடி கீரையை எடுத்துக்கொண்டே, “ரெண்டரை மணி பஸ்ஸுல கூட்டம் இருக்காதுங்க.”

பாதி பிரித்திருந்த பைகளை மறுபடி கட்டிக்கொண்டிருந்தபோது கவிதா வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தாள். நஸ்ரீன் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

“அது மின்னூட்டமுங்க அப்பத்தா. கரண்ட் சமாச்சாரம்,” என்று நோட்டில் ஒரு கோடு போட்டாள் கவிதா. “இந்தக் கடைசில பெரிய ஊட்டம் நாலு, அந்தக் கடைசில சின்ன ஊட்டம் ஒண்ணு. நடுவுல குட்டியா இன்னொண்ணு. மூணும் ப்ளஸ்ஸுங்க, அதனால ரெண்டும் இதைத் தள்ளும். ரெண்டு தள்ளலும் சரிக்குச் சரியா இருக்கற எடம் ஒண்ணே ஒண்ணுதானுங்க.”

“எங்க?”

“தூரத்தை மூணு பங்கு போட்டா, பெருசுல இருந்து ரெண்டு பங்கு தாண்டி. சின்னதுக்குக் கிட்ட.”

“காங்கேயம்,” என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நஸ்ரீன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். “ஆமா புள்ள, கிட்டத்தட்ட சரியாத்தான் வருது.”

“சரி கண்ணு, அங்க நின்னா அது நிம்மதியா இருக்குமா?”

“அசையாதுங்க அப்பத்தா.”

நான் கேட்டது நிம்மதி. அவள் சொன்னது அசையாது. இரண்டு பக்கமும் ஒரே அளவு தள்ளினால், பார்க்கிறவர்களுக்கு ‘அம்மா நிம்மதியா உக்காந்திருக்காங்க’ என்றுதானே தெரியும்?

சாந்தியைக் குறை சொல்லவில்லை. இரண்டு அறை வீடு, பரீட்சைக்குப் படிக்கிற பெண், இருமிக்கொண்டே இருக்கிற நான். அவளும்தான் என்ன செய்வாள்? நான் காதில் வாங்கியது தப்பு. ஆனால் தள்ளல் இருந்தது. எங்கள் பக்கம் தள்ளும்போதும் மரியாதைக்கு ஒரு ‘ங்க’ போட்டுத் தள்ளுவோம், அவ்வளவுதான்.

சாப்பிடாமலே பையைத் தூக்கினேன். “போயிட்டு வாரேன் கண்ணு.”

கவிதா பேனாவை எடுத்து உள்ளங்கையில் சின்னதாக ஒரு கோடு கிழித்து, என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இது என்ன?”

“மைனஸுங்க. நான் மைனஸ். மைனஸ் தள்ளாது, இழுக்கும். பரீட்சை முடியற வரைக்கும் நீங்க நகர முடியாது.”

பையைப் பிடுங்கி ஆணியில் மாட்டிவிட்டாள். சமையலறையிலிருந்து சாந்தியின் குரல் வந்தது. “அத்தை, உங்களுக்கும் சேத்தித்தானுங்க அரிசி போட்டிருக்கறேன்.”

போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். கீரை நன்றாக இருந்தது.

பரீட்சை முடியட்டும். ரெண்டரை மணி பஸ் எங்கே போய்விடப் போகிறது?