போய் வரச் சொன்னவர்

பிராங்பேர்ட்டின் மேற்கே, கிரீஸ்ஹைம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற ஆறு மாடிக் கட்டடத்துக்குத் தியாகராசா பதினெட்டு வருடமாக ஹவுஸ்மைஸ்டர். எரியாத விளக்கை மாற்றுவதும், குப்பைத் தொட்டிகளைத் தெருவுக்கு இழுத்து வைப்பதும் அவர் வேலை. ஆனால் குடியிருப்பவர்கள் அவரைத் தேடி வந்தது பெரும்பாலும் கடிதத்தோடுதான். அரசு அலுவலகத்துக் கடிதத்தை நின்றபடியே படித்து, என்ன கேட்கிறார்கள், எந்தத் தேதிக்குள் பதில் போக வேண்டும் என்று சொல்லிவிடுவார். விண்ணப்பமும் எழுதிக் கொடுப்பார். 1985இல் இலங்கையிலிருந்து அகதியாகக் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, ஒரு சொல் ஜெர்மன் தெரியாமல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்ட மனிதர் அவர். இந்தக் கடிதங்களைக் கண்டு பயப்படாத நிலைக்கு வர அவருக்கு இருபது வருடம் பிடித்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நான்காம் மாடியில் வோல்ஹா இருந்தாள். பெலாருஸ் நாட்டுக்காரி, முப்பத்தெட்டு வயது, செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. அவள் ஜெர்மனிக்கு வந்த இரண்டாம் வருடம், 2020இல், அவளுடைய நாட்டில் தேர்தல் நடந்தது. வாக்குகளை ஒழுங்காக எண்ணவில்லை என்று தெருவுக்கு வந்தவர்களைப் போலீஸ் வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போனது. அவளோடு படித்த ஒருத்தி மூன்று நாள் கழித்து வெளியே வந்தபோது முதுகெல்லாம் கன்றிப்போயிருந்ததாம். அதைக் கேட்டதிலிருந்து வோல்ஹா சனிக்கிழமைகளில் நகர மையத்தில் நடந்த எதிர்ப்புக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினாள். எதிர்ப்பாளர்களின் வெள்ளை, சிவப்பு, வெள்ளைக் கொடியைத் தோளில் போர்த்திக்கொண்டு அவள் படியிறங்குவதைத் தியாகராசா பார்த்திருக்கிறார்.

பிறகு அந்த அரசு ஒரு புதிய உத்தரவு போட்டது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தூதரகத்தில் இனிப் பாஸ்போர்ட் தர மாட்டார்கள். வேண்டுமானால் நாட்டுக்கு வந்துதான் வாங்க வேண்டும். வோல்ஹாவின் பாஸ்போர்ட் 2024 ஜூனில் முடிகிறது. அது முடிந்தால் இங்கே விசாவை நீட்டிப்பதும் சிக்கல். ஜெர்மன் அரசு தருகிற வெளிநாட்டவருக்கான பயணப் பத்திரம் கேட்டு அவளுக்காகத் தியாகராசாதான் விண்ணப்பம் எழுதினார். மார்ச்சில் மறுப்பு வந்தது. சொந்த நாட்டுக்குப் போய்ப் பாஸ்போர்ட் வாங்க முடியாது என்பதற்குப் போதிய காரணம் காட்டப்படவில்லை. ஒரு மாதத்துக்குள் ஆட்சேபிக்கலாம் என்று அதில் இருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் அவர் வீட்டுக்கு வந்தாள். அவர் மனைவி கமலநாயகி தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"ஆட்சேபித்தால் எவ்வளவு காலம் ஆகும்?" என்று வோல்ஹா ஜெர்மனில் கேட்டாள்.

"ஒரு வருடம். நீதிமன்றம் என்று போனால் இரண்டு."

"என் இடத்தில் நீங்கள் இருந்தால் போவீர்களா?"

தியாகராசா யோசித்தார். கேள்விக்குப் பதில் இல்லாமல் யாரையும் அனுப்பிப் பழகாதவர்.

"போவேன்," என்றார். "நான்கு வருடம் ஆகிவிட்டது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் உங்கள் முகத்தை யார் தேடப்போகிறார்கள்? போனில் இருப்பதையெல்லாம் அழித்துவிடுங்கள். பத்து நாளில் வந்துவிடலாம். நானும் பயந்து பயந்துதான் 2004இல் யாழ்ப்பாணம் போனேன். எந்தச் சோதனைச் சாவடியிலும் என்னை இரண்டாம் கேள்வி கேட்கவில்லை."

அவள் முகம் தெளிந்தது. தேநீரைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிப் போனாள்.

கதவு சாத்தியதும் கமலநாயகி கேட்டாள்: "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"வேற என்னத்தைச் சொல்லுறது? வக்கீல், கோடு, வழக்கு எண்டு அலையப்போறாவே?"

"நீங்கள் போனது ஜேர்மன் பாஸ்போட்டோட. பிடிச்சா ஏனெண்டு கேக்க ஒரு நாடு இருந்தது. அந்தப் பிள்ளை அவங்கட பாஸ்போட்டோடயெல்லோ அவங்களிட்டையே போறா."

அவர் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அவள் சொன்னது சரி என்று அப்போதே பட்டது. நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். மறுநாள் வெப்பமூட்டியைப் பார்க்க ஆள் வந்தான். அதற்கடுத்த நாள் நிலவறையில் தண்ணீர் ஒழுகியது. ஞாயிற்றுக்கிழமை படியில் அவளைக் கண்டபோது, பஸ்ஸுக்குப் பதிவு செய்துவிட்டதாகவும், ஐந்து வருடத்துக்குப் பிறகு அம்மாவைப் பார்க்கப்போவதாகவும் சொன்னாள். அம்மாவுக்கு வாங்கிய கம்பளிச் சட்டையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். "நல்ல நிறம்," என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் கடைசியில் வார்சா வழியாகப் போனாள். எல்லையிலிருந்து ஒரு செய்தி அனுப்பினாள்: வரிசை நீளம், மழை பெய்கிறது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. பதினோராம் நாள் ஹன்னா என்ற அவளுடைய தோழி வந்து மணியடித்தாள். எல்லையிலேயே வோல்ஹாவைப் பிடித்துவிட்டதாக அவளுடைய அம்மா சொன்னாராம். போனில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் பிராங்பேர்ட் கூட்டத்தின் படம் ஒன்று அவர்களிடமே இருந்தது. கொடியோடு மூன்றாம் வரிசையில் நிற்கிற அவளைச் சிவப்பு வட்டமிட்டுக் காட்டினார்களாம். இலையுதிர் காலத்தில், யாரையும் உள்ளே விடாத நீதிமன்றத்தில் அரைமணி நேரம் விசாரித்து, தீவிரவாதத்துக்குத் துணைபோனாள் என்று மூன்று வருடத் தண்டனை கொடுத்தார்கள்.

வீட்டு நிர்வாகம் அவளுடைய வீட்டைக் காலி செய்யச் சொன்னது. அது தியாகராசாவின் வேலை. பாத்திரம், புத்தகம், குளிர்கால உடுப்பு என்று எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுத் தன் நிலவறைக்கு இறக்கினார். கமலநாயகி ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளே இருப்பதை எழுதி ஒட்டினாள். அவளாக அந்தப் பழைய பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சிறைக்கு நான்கு கடிதம் எழுதினார். இரண்டு திரும்பி வந்தன. மற்ற இரண்டும் போய்ச் சேர்ந்தனவா தெரியவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்துக்கும் போகத் தொடங்கினார். இப்போது அங்கே பதினைந்து பேர்கூட வருவதில்லை. சிலர் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

போன மாதம் கூட்டம் முடிந்த பின் ஹன்னா தன் போனை அவரிடம் நீட்டினாள். மறுமுனையில் வோல்ஹாவின் அம்மா. மகளின் சாமான்களைக் காப்பாற்றி வைத்திருப்பதற்கு நன்றி சொல்கிறாள் என்று ஹன்னா மொழிபெயர்த்தாள்.

"போகச் சொன்னது நான்தான் என்று அவரிடம் சொல்லுங்கள்," என்றார் தியாகராசா.

ஹன்னா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு போனில் ஏதோ சொன்னாள். மறுமுனையில் கிழவி நிதானமாக, நீளமாகப் பேசினாள்.

"உங்கள் குரல் சளி பிடித்த மாதிரி இருக்கிறதாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்."

தான் சொன்னதை ஹன்னா அப்படியே மொழிபெயர்த்தாளா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று ரயிலில் வரும்போது தோன்றியது.